நாலு மூலையிலும் மஞ்சள்

சென்ட் லோரன்ட், மான்ட்ரியல்
4 நவம்பர் 1973

அன்புள்ள வசு,

நீ நல்லபடியாக மெட்ராஸ் போய்ச் சேர்ந்ததாக மாமாவின் தந்தி கிடைத்தது. எனக்கென்று அதில் உன் வார்த்தை ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டோர்வல் விமான நிலையத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். நம் நண்பர் மணிவாசகம் தன் காரில் உன் பெட்டியை ஏற்றுவதை மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் இறங்கி ஓடிவந்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டை என்னுடையது இல்லை, இரவல்.

முப்பதுகளில் சூயிங்கம் பொட்டலத்தோடு சும்மா கொடுத்த காகித அட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். உனக்காவது தெரியும். அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் முப்பத்தாறு பேர் கொண்ட வரிசை அது. முப்பத்தைந்து பேரைச் சேர்த்துவிட்டு, இருபத்தேழாம் எண்ணுக்காக நாலு வருஷமாக ஆல்பத்தில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். புவாண்ட்-கிளேரில் இருக்கும் கார்மடி என்ற கிழவரிடம் அது இருந்தது. படத்தில் இருப்பவன் அவருடைய தம்பி லியோ. இரண்டு வருஷம் ஆடினான், பிறகு யுத்தத்தில் கப்பலோடு மூழ்கிப் போய்விட்டான். விளையாட்டு உடுப்பில் அவன் நிற்கும் படம் அவரிடம் இது ஒன்றுதான். பின்பக்கம் பென்சிலால் "ஹாலுக்கு, உன் லியோ" என்று எழுதியிருக்கிறான். ஹால் என்பது அண்ணனை அவன் கூப்பிட்ட பெயர்.

விற்க மாட்டார், மாற்றிக்கொள்ளவும் மாட்டார். ஒரே ஒரு வாரம் என் ஆல்பத்தில் வைத்து வரிசையை முழுசாகப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். "நீ அட்டையை ஓரத்தில் பிடிக்கிறாய், உன் கையை நம்பலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உன் முன்னால் "கிடைச்சிடுச்சு வசு!" என்று குதித்தேன். இரவல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

நீ சரஸ்வதி பூஜையன்று அதைப் புத்தகங்களோடு வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவிவிட்டாய். அட்டை சேர்ப்பவனுக்கு உயிரே அந்த நாலு மூலையில்தான் இருக்கிறது. கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ரொட்டித் துண்டால் ஒற்றிப் பார்த்தேன். வரைபடத்துக்கு வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்தேன். பிளேடால் சுரண்டியதில் வலது மேல் மூலை பிரிந்து பஞ்சாகிவிட்டது. கார்மடி குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போய்விட்டார், பிப்ரவரி கடைசியில்தான் வருவார். கிளம்பும்முன் போன் செய்து, "பூட்டிய வீட்டைவிட உன்னிடம் இருப்பதே பத்திரம்" என்றார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

உன்
உமாபதி


புரசைவாக்கம், மெட்ராஸ்
17 நவம்பர் 1973

அத்தான்,

"அன்புள்ள" என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அட்டைக்கு, கால்வாசி எனக்கு. அந்தக் கால்வாசியிலும் ஜன்னல் பாதி.

இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா? நீங்கள் வேலைக்குப் போனபின் அந்த மூன்றாவது மாடியில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். இங்கிலீஷ் படித்ததே உங்கள் அட்டைகளின் பின்பக்கத்தில்தான். யார் எந்த ஊர், எத்தனை பவுண்டு எடை, எந்தக் காலில் அடிபட்டது என்று முப்பத்தைந்து பேரையும் ஒப்பிப்பேன். ஒரு மேட்ச்சைக்கூட முழுசாகப் பார்க்காத உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும். லியோ கார்மடியையும் படித்தேன். ஓஹையோக்காரன், பெரிய கை, வந்த பந்தை விடமாட்டான் என்று போட்டிருந்தது.

நாலு வருஷம் தேடிய பொருள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வோம்? கல்யாணப் பத்திரிகைக்கும் புதுப் புடவைக்கும் நல்ல சேதி எழுதும் கடிதத்துக்கும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். உங்கள் சந்தோஷத்துக்கு மஞ்சள் வைத்தேன்.

"ஏதோ சொல்லிவிட்டேன்" என்கிறீர்கள். ஏதோ இல்லை, ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே சமையலைச் சாப்பிட்டோம். ஒருநாள்கூட அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை நீங்கள். மனதில் வைத்துக்கொள்ளாதே என்றால் வேறு எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் எழுதுங்கள்.

வசுமதி


சென்ட் லோரன்ட்
30 நவம்பர் 1973

அன்புள்ள வசு,

திட்டியாவது எழுதினாயே.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அதே அட்டை இன்னொன்று உலகத்தில் எங்காவது இருக்கத்தானே வேண்டும்? அதைத் தேடிப் பிடித்துக் கார்மடியிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. அட்டை சேர்ப்பவர்களுக்கென்று மாதாமாதம் வரும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன். பதினேழு பேருக்கு எழுதினேன். போன சனிக்கிழமை பஸ் பிடித்து, எல்லை தாண்டி பிளாட்ஸ்பர்க் போனேன். அங்கே ஒரு முடிதிருத்துபவர் டப்பா நிறைய வைத்திருந்தார். இருபத்தாறு இருந்தது, இருபத்தெட்டு இருந்தது. நடுவில் இருக்க வேண்டியவன் மட்டும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள்.

தொழிற்சாலையில் ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வரைந்துவிட்டேன். விமானத்துக்குப் போகிற பாகம். இங்கே சேர்ந்த ஏழு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. மேஸ்திரி தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கீழே டெப்பனர் மளிகைக் கடைக்காரம்மா தினமும் "மதாம் எங்கே?" என்று கேட்கிறாள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். எப்போது வருவாள் என்றால் பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.

அந்த வாக்கியத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். எழுத்தில் வேண்டாம்.

உன்
உமாபதி


புரசைவாக்கம்
14 டிசம்பர் 1973

அத்தான்,

எனக்கு இது ஆறாவது மாதம்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் சாப்பிடவில்லை. மூன்று மாதம் தாண்டட்டும், அதற்குமுன் வாயைத் திறந்தால் முன்னைப்போல் ஆகிவிடும் என்று பயந்து பயந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. உங்கள் சந்தோஷத்துக்கு மட்டுமா மஞ்சள் வைத்தேன்? என் சந்தோஷத்துக்கும்தான்.

நீங்கள் ஆபீஸிலிருந்து வந்தீர்கள், பூஜை அலமாரியைப் பார்த்தீர்கள், சொன்னீர்கள். அறுபத்தொன்பதில் போன குழந்தையும் எழுபத்தொன்றில் போன குழந்தையும் அந்த வாக்கியத்தில் இருந்தார்கள். என் கை இருந்தது. கார்மடியின் தம்பியும் இருந்தான். நான்கு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள்.

அதைக் கேட்டபிறகு இந்தச் சேதியை எந்த வாயால் சொல்வது? வயிற்றில் இருப்பதும் அதைக் கேட்டிருக்குமோ என்றுதான் எனக்குப் பட்டது. அதனால்தான் கிளம்பினேன். அட்டைக்காக நீங்கள் கோபித்ததற்காக இல்லை.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்கிறீர்கள். முடியாது. நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். அதன் பிறகு மன்னிப்பு, சமாதானம் எல்லாம். அதுவரை வராதீர்கள். வந்தால் நான் வெளியே வரமாட்டேன்.

வசுமதி


சென்ட் லோரன்ட்
27 டிசம்பர் 1973

வசு,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்று பிரித்தேன். முதல் வரியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோட்டுகூடக் கழற்றவில்லை. மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து உடம்புக்கு என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை.

மூன்று மாதம் என்னோடு அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாய். மாவு பாக்கெட்டைத் தூக்கி வந்தாய், குளிரில் பஸ்ஸுக்கு நின்றாய். நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அட்டையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். ஐந்து மணி நேரம் காத்திருந்து கிடைத்தது. மாமா எடுத்தார். "அவ வரமாட்டேங்கிறா மாப்ளே, உடம்பு நல்லாத்தான் இருக்கா, நீங்க கொஞ்சம் பொறுங்க" என்றார். பின்னால் யாரோ இருமினார்கள். நீதானா?

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். உன்

உன் கை

முடியவில்லை வசு. ஏரோகிராம் மூன்று வீணாகிவிட்டது. வாயால் சொல்லும்போது ஒரு நொடி ஆனது. எழுதப்போனால் பேனா நகரவில்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன், வேறு எதுவானாலும் சொல், செய்கிறேன். நாளைக்கே விமானம் ஏறட்டுமா?

ஓஹையோவில் ஒருத்தர் பதில் போட்டிருக்கிறார். அவரிடம் இருபத்தேழு இருக்கிறதாம். அட்டை ஒன்று சரியானால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

உமாபதி


புரசைவாக்கம்
10 ஜனவரி 1974

அத்தான்,

வராதீர்கள் என்றேன், இன்னும் அதேதான்.

புதன்கிழமை இரத்தம் பட்டது. டாக்டரம்மா படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். தலைகீழாகத் தொங்குகிற மாதிரிதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் விளக்கு ஏற்றவில்லை. அம்மா ஏற்றச் சொன்னால் தலைவலி என்பேன். பக்கத்து வீட்டில் எட்டு மாதக் குழந்தை. கொண்டுவந்து என் மடியில் விடப் பார்த்தார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ. என் வயிற்றையே நான் தொடுவதில்லை. குளிக்கும்போது அம்மாதான் சோப்புப் போடுகிறாள். உங்களுக்கு அட்டையில் மஞ்சள் போகவில்லை, எனக்கு அந்த வாக்கியம் போகவில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "போனதுதான் திரும்பி வந்திருக்கு, கவலைப்படாதே" என்கிறார்கள். தலையாட்டுகிறேன். போனது போனதுதான். அவை இரண்டும் வேறு குழந்தைகள், இது வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க இது என்ன ஆல்பமா?

பயமாக இருக்கிறது அத்தான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. உங்களிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வசுமதி


சென்ட் லோரன்ட்
29 ஜனவரி 1974

அன்புள்ள வசு,

எழுந்திருக்காதே. எழுதக்கூட எழுந்திருக்காதே. உன் கடிதம் வந்ததிலிருந்து சாதம் இறங்கவில்லை. மணிவாசகத்தின் மனைவி ரசம் கொடுத்தனுப்பினாள், அப்படியே இருக்கிறது. நீ தலைகீழாகப் படுத்துக்கொண்டு எழுதிய எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதைத் தடவிப் பார்க்கிறேன்.

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். ஓஹையோக்காரர் இருபத்தேழைக் கொடுக்க என் முப்பத்தைந்தையும் கேட்டார். கொடுத்துவிட்டேன். வருஷக்கணக்காகத் தேடிச் சேர்த்ததை ஒரு காலணிப் பெட்டியில் அடுக்கி, பஞ்சு வைத்துத் தபாலில் சேர்த்தேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஆல்பம் முழுக்கக் காலி.

புது அட்டை வந்துவிட்டது. நாலு மூலையும் கத்தியால் வெட்டினதுபோல் இருக்கிறது. பின்பக்கம் மட்டும் வெறுமை. லியோவின் எழுத்து வேண்டுமே. என் தொழில் என்ன? இருபது வருஷம் கோடு போட்ட கை இது. பழைய பென்சில் ஒன்று தேடி, ஒரு வாரம் பழைய தாளில் பழகினேன். 'ஹால்' என்ற பெயரில் அவன் கை கொஞ்சம் நடுங்கியிருந்தது, அந்த நடுக்கத்தையும் பழகிக்கொண்டேன். பிறகு ஒரே மூச்சில் போட்டுவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் லியோவுக்கே அடையாளம் தெரியாது.

எழுதி முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தபோது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர்.

இனி கார்மடி வந்ததும் கொடுத்துவிடுவேன். ஒரு தப்பு நேராகிவிடும். ஒன்று நேரானால் மற்றதும் நேராகும். நீ தைரியமாக இரு.

உன்
உமாபதி


புரசைவாக்கம்
12 பிப்ரவரி 1974

அத்தான்,

அம்மா படித்துக் காட்டினாள், நடுவிலேயே பிடுங்கிக்கொண்டேன்.

அதை அந்தக் கிழவரிடம் கொடுக்காதீர்கள். என்மேல் ஆணை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தன், தன் கையால் அண்ணனுக்கு எழுதியது அது. அவன் மூச்சுக்காற்று பட்ட காகிதம். அதை எடுத்துக்கொண்டு, பார்த்தால் அதேபோல் இருக்கும் இன்னொன்றை அவர் கையில் வைத்து, இதுதான் உன் தம்பி என்று சொல்லப்போகிறீர்கள். மூலை சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு.

ஒரு வாக்கியத்தை உங்களால் எழுத முடியவில்லை. உங்களுடையதுதான், நீங்கள் சொன்னதுதான், வரவில்லை. ஆனால் அடுத்தவன் எழுத்து, செத்தவன் எழுத்து, நடுக்கத்தோடு வருகிறது! அதற்கு ஒரு வாரம் பழக்கம் வேறு.

என் இரண்டு குழந்தைகளை நான் பார்க்கவே இல்லை. டோர்வலுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். யாராவது ஒரு நல்ல குழந்தையைக் கொண்டுவந்து, இதுதான் அது, மூக்கும் முழியும் சரியாக இருக்கிறது பார் என்றால் வாங்கிக்கொள்வேனா? கறையோ காயமோ, என்னுடையதுதான் எனக்கு வேண்டும். அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மஞ்சள் வைத்தது என் கைதான். என் பெயரைச் சொல்லுங்கள். என் மனைவி தடவினாள், நான் சுரண்டினேன் என்று சொல்லுங்கள். அவர் உங்களை அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பொய்யைக் கொடுத்துவிட்டு வந்தீர்களானால் இந்த முகவரிக்கு இனிக் கடிதம் வேண்டாம்.

வயிறு கல்லாக இறுகி இறுகி விடுகிறது. இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன்.

வசுமதி


சென்ட் லோரன்ட்
3 மார்ச் 1974

அன்புள்ள வசு,

நேற்று மத்தியானம் புவாண்ட்-கிளேர் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கார்மடி வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு வந்திருக்கிறார். எனக்கென்று ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார். டீ போட்டார். சட்டையின் இடது பையில் ஓர் அட்டை, வலது பையில் ஓர் அட்டை. உன் கடிதமும் உள்ளே இருந்தது. இருந்தும் நான் முதலில் எடுத்தது பொய்யைத்தான். உன்னிடம் மறைக்கமாட்டேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பினார். தம்பியின் எழுத்தைப் படித்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். சிரித்தார். "உன் கையை நம்பினது வீண்போகவில்லை" என்றார்.

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். கோட்டுகூட மாட்டிவிட்டேன். அவருடைய கட்டைவிரல் நான் எழுதிய எழுத்தின்மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, மஞ்சள், என் பிளேடு, ஓஹையோ, பென்சில். அது என் மனைவியின் கை, அவள் நல்லதுக்குத்தான் செய்தாள், கெடுதல் எல்லாம் நான் செய்தது என்றும் சொன்னேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "எது அவன் தொட்டது?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். மஞ்சள் மூலை அட்டையைக் காட்டினேன். அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மற்றதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "நீ போகலாம்" என்றார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஆரஞ்சுக் கூடை அங்கேயே இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நாற்பது நிமிஷம் நின்றேன். பஸ் வந்ததும் போனதும் தெரியவில்லை. அந்தக் கிழவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில காரியங்களுக்கு மாற்று என்று ஒன்று கிடையாது, தேடினாலும் கிடைக்காது. ஐந்து மாதமாக அட்டையைத் தேடிக்கொண்டு ஓடியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பக்கம் திரும்பக்கூடாது என்றுதான்.

இதோ எழுதுகிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூஜை அலமாரி முன்னால் நின்று, என் மனைவி வசுமதியைப் பார்த்து நான் சொன்னது:

"உன் கை பட்டது எதுதான் உருப்பட்டிருக்கு? ரெண்டு குழந்தையும் போச்சு, இப்ப இதுவும் போச்சு."

இதைச் சொன்னவன் நான். கோபத்தில் வாய் தவறி வந்தது இல்லை. எழுபத்தொன்றிலிருந்து எனக்குள் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து நான் அழுதபோது யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது, உன்மேல் போட்டேன். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. நீ கேட்டதைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

உமாபதி


மெட்ராஸ், ஆஸ்பத்திரி
18 மார்ச் 1974

அத்தான்,

பெண் குழந்தை. எட்டாம் தேதி காலை பத்தே காலுக்குப் பிறந்தாள். ஐந்து வாரம் முந்திக்கொண்டாள். நாலு பவுண்டுகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தந்தி கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். எந்தச் சேதியாக முடியும் என்று தெரியாமல் என்ன தந்தி கொடுப்பது?

பெட்டியின் பக்கத்தில் கை நுழைக்க வட்டமாக ஒரு வழி இருக்கிறது. நாலாம் நாள் நர்ஸம்மா என்னைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னாள். "கையை உள்ள விடும்மா. தாய் கை பட்டாத்தான் புள்ளைக்குத் தெம்பு" என்றாள். நான் ஈரக் கையோடு நின்றேன். முடியாது என்றேன். மறுநாளும் கழுவினேன், நின்றேன், திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். "எல்லாப் பொண்ணுங்களும் விடு விடுன்னு அழுவாங்க, நீ என்னம்மா இப்படிப் பயப்படுறே?" என்று அவளுக்குக் கோபம். உள்ளே அவள் சிவப்பாக, விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். நான் தொடாமல் இருந்தால் பிழைத்துவிடுவாள் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பாலையும் நர்ஸ்தான் குழாயில் விட்டாள்.

வியாழக்கிழமை அம்மா உங்கள் கடிதத்தை வார்டுக்குக் கொண்டுவந்தாள். கார்மடி வரைக்கும் படித்தேன். அந்த அட்டையை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார் என்ற இடத்தில் அழுதேன். பிறகு அந்த வாக்கியம் வந்தது.

ஐந்து மாதமாக அது என் காதில் வீடு மாதிரிப் பெரிதாக நின்றுகொண்டிருந்தது. தாளில் பார்த்தால் இரண்டு வரிகூட இல்லை. உங்கள் கோழிக்கிறுக்கல் எழுத்தில், 'உருப்பட்டிருக்கு'வில் மை கொஞ்சம் பரவி, சாதாரணமாக இருந்தது. நீங்கள் சொன்னது, நீங்கள் எழுதியது, உங்கள் கையெழுத்து. என்னுடையது இல்லை. அதை நான் சொல்லவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். நர்ஸம்மா வேறு வேலையாக இருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டேன். என் சுண்டுவிரலை அவள் பக்கத்தில் வைத்தேன், பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களுக்கு என்ன பலம் அத்தான்! விடவே இல்லை. அரை மணி நேரம் குனிந்தபடியே நின்றேன், இடுப்பு விட்டுப்போயிற்று.

டாக்டரம்மா இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். இன்னும் பத்து நாள் போக வேண்டுமாம். நேற்று மூச்சு ஒரு தடவை நின்று வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், கை உள்ளேதான் இருந்தது. எடுக்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தை இனி வாயால் திருப்பிச் சொல்ல வேண்டாம், ஒரு தடவை எழுதியது போதும். உடனே கிளம்பி வாருங்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் இங்கே என்னவானாலும் வாருங்கள். இது உங்களுக்கும் பிறந்த குழந்தை.

நல்ல சேதி என்று நிச்சயம் ஆகட்டும், பிறகு வைக்கலாம் என்று அம்மா தடுத்தாள். நான் கேட்கவில்லை. மஞ்சளைக் குழைத்து இந்தத் தாளின் நாலு மூலையிலும் என் கையாலேயே தடவியிருக்கிறேன். ரப்பர் போட்டு அழிக்கப் பார்க்காதீர்கள்.

வசு